காதில் மல்லிகை: துனிஸில் ஐந்து நாட்கள்

முதல் நாள், செவ்வாய்

தோஹாவில் விமானம் மாறி, துனிசியாவின் தலைநகரான துனிஸில் இறங்கும்போது பிற்பகல் மூன்று மணி. கீழே ஆழமில்லாத பெரிய ஏரி. அதை இரண்டாக வகிர்ந்ததுபோல் நடுவில் ஒரு கரை. கரைமேல் ஒரு சின்ன ரயில் கடலை நோக்கி ஊர்ந்துகொண்டிருந்தது. "நாம அதுலதான் கார்த்தேஜ் போகப் போறோம்" என்று தங்கைக்குக் காட்டினேன். "எங்கக்கா, எங்க?" என்று அவள் கண்ணாடியில் நெற்றியை ஒட்டிக்கொண்டு தேடுவதற்குள் விமானத்தின் இறக்கை மறைத்துவிட்டது.

மதுரையில் 32 ஆண்டுகள் வரலாறு நடத்தியவள் நான். ரோமுக்கும் கார்த்தேஜுக்கும் நடந்த பியூனிக் போர்கள் எங்கள் பாடப்புத்தகத்தில் சில வரிகள்தான். கார்த்தேஜ் தளபதி ஹன்னிபால் யானைகளோடு ஆல்ப்ஸ் மலையைக் கடந்தான் என்ற இடம் வந்ததும் கடைசி பெஞ்சுகூட நிமிர்ந்து உட்காரும். அதற்குள் மணி அடித்துவிடும். அந்தக் கார்த்தேஜைப் பார்க்காமலே பணி ஓய்வு பெற்றது எனக்கு ஒரு குறையாகவே இருந்தது. தங்கைக்கு வரலாற்றில் பெரிய ஈடுபாடு இல்லை, அவளுக்குக் கடலும் கடைத்தெருவும் போதும். ஐந்து நாட்களை இருவருக்கும் பொதுவாகப் பிரித்துக்கொண்டோம்.

அறை, பாப் எல் பஹர் அருகில். 'கடல் வாசல்' என்று பொருள். இப்போது வாசலில் நின்று பார்த்தால் கடல் தெரியாது. ஒரு காலத்தில் ஏரித் தண்ணீர் இதன் பக்கம்வரை வந்திருக்கிறது. சதுப்பைத் தூர்த்துப் பிரெஞ்சுக்காரர்கள் புது ஊரைக் கட்டினார்கள். வாசலுக்கு மேற்கே பழைய நகரமான மெதினா, கிழக்கே நேராக ஓடும் ஹபீப் புர்கீபா சாலை. சாலையின் நடுவில் இரு வரிசையாக அத்தி இன மரங்கள், மேலே கூரைபோல் வெட்டிவிட்டிருக்கிறார்கள். வெயில் தணிந்ததும் ஊரே அந்த நிழலுக்கு வந்துவிடுகிறது.

சாலையின் தொடக்கத்தில் வரலாற்றாசிரியர் இப்னு கல்தூன் சிலையாக நிற்கிறார், கையில் புத்தகத்தோடு. ஒரு பக்கம் 1897-இல் கட்டி முடித்த கத்தோலிக்கப் பேராலயம், எதிர்ப்பக்கம் பிரெஞ்சுத் தூதரகம். இப்னு கல்தூன் 1332-இல் இதே துனிஸில் பிறந்தவர். பதினாறு, பதினேழு வயதில் பெரும் கொள்ளைநோயில் தாயையும் தந்தையையும் இழந்தவர். வரலாறு என்றால் அரசர்களின் பட்டியல் அல்ல, மக்கள் சேர்ந்து வாழும் முறை, தொழில், வரி, நிலம் எல்லாம் சேர்ந்ததுதான் என்று 14-ஆம் நூற்றாண்டிலேயே எழுதிவைத்தார். அந்தச் சிலையின் காலடியில் நான் கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன். தங்கை அவசரப்படுத்தவில்லை. என் வேலை என்ன என்று அவளுக்குத் தெரியும்.

சற்று தள்ளி, 1902-இல் கட்டிய நகராட்சி நாடக அரங்கம், வெள்ளைச் சுதையில் பூ வேலைப்பாடு. அதன் படிகளில் இளைஞர்கள் கூட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். 2011 ஜனவரி 14 அன்று இந்தச் சாலை முழுக்க மக்கள் நின்றார்கள். அன்று மாலையே, 23 ஆண்டுகள் ஆண்ட பென் அலி நாட்டைவிட்டுப் போனார். வெளிநாட்டுப் பத்திரிகைகள் அதை 'மல்லிகைப் புரட்சி' என்று எழுதின. விடுதியில் இருந்த அம்மாள் அந்தப் பெயரை ஏற்கவில்லை. "எங்களுக்கு அது கண்ணியத்துக்கான புரட்சி" என்றார்.

மல்லிகை என்றதும் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. நாடக அரங்கின் முன்னால் நடந்துகொண்டிருந்தபோது தங்கை சட்டென்று நின்றாள். "அக்கா, பூ வாசம்." கோட் போட்ட ஒரு பெரியவர் எங்களைக் கடந்து போனார். அவர் காதில் ஒரு சின்ன வெள்ளைச் செண்டு செருகியிருந்தது, நம் ஊரில் தச்சர் பென்சில் செருகுவதுபோல. அவர் பின்னாலேயே கூடையோடு பூக்காரர். கூடை நிறைய அதே செண்டுகள். மொட்டு மொட்டாகக் குண்டுமல்லி! நம் மதுரை மல்லியின் அதே இனம். இங்கே அதற்கு 'ஃபுல்' என்று பெயர், செண்டுக்கு 'மஷ்மூம்'. ஒவ்வொரு மொட்டையும் ஹல்ஃபா என்ற புல்லின் மெல்லிய தண்டில் கோத்து, பத்துப் பதினைந்து தண்டுகளைச் சேர்த்துப் பருத்தி நூலால் இறுக்கிச் சுற்றுகிறார்கள். விடியற்காலையில் மொட்டாகப் பறித்தது மாலையில் கையிலேயே விரியும்.

ஆளுக்கு ஒன்று வாங்கினோம். தங்கை பழக்க தோஷத்தில் பின்னலில் வைக்கப் போனாள், தண்டு வழுக்கியது. பூக்காரர் தன் காதைத் தொட்டுக் காட்டினார். ஆண்கள் பூ வைத்துக்கொள்ளும் ஊருக்கு வந்திருக்கிறோம் என்று எனக்கு மனம் நிறைந்துவிட்டது.

இரண்டாம் நாள், புதன்

மெதினாவுக்குள் போவதற்கு வரைபடம் வேண்டாம் என்று முடிவு செய்தோம். சந்து எங்கே போகிறதோ அங்கே. இந்தப் பழைய நகரத்தை யுனெஸ்கோ 1979-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. அதற்காக இது காட்சிப்பொருளாகிவிடவில்லை. கறிக்கடை, தையல் கடை, பள்ளிக்கூடம், மேலே காயும் துணி, எல்லாம் உள்ளேயே நடக்கிறது.

முதலில் சைத்தூனா மசூதி. நம் ஊர் நாட்டு மருந்துக் கடைகளில் 'ஜைத்தூன் எண்ணெய்' என்று விற்பார்களே, அதே சொல், ஆலிவ் மரத்து மசூதி. எட்டாம் நூற்றாண்டில் எழுந்து, 9-ஆம் நூற்றாண்டில் அக்லபிது அரசர்கள் காலத்தில் இன்றைய வடிவம் பெற்றது. முஸ்லிம் அல்லாதவர்களுக்குக் காலை நேரத்தில் முற்றத்தை ஒட்டிய கூடம்வரை அனுமதி உண்டு. தலையை மூடிக்கொண்டு நின்று பார்த்தோம்.

முற்றத்தைச் சுற்றித் தூண்கள். ஒன்றுபோல் ஒன்று இல்லை. ஒன்று வெள்ளைப் பளிங்கு, பக்கத்தில் பச்சை ஓடிய கல், அதற்கடுத்து இளஞ்சிவப்பு. தலைப்பகுதியில் இலைகள் செதுக்கியது ஒன்று, மொட்டையாக ஒன்று. உயரம் போதாத தூணுக்கு அடியில் கல் கொடுத்திருக்கிறார்கள். பழைய தூண்களில் பெரும்பாலானவை கார்த்தேஜ் இடிபாடுகளிலிருந்து வந்தவை. தொழுகைக் கூடத்தையும் சேர்த்தால் நூற்றுக்கும் மேல். ரோமானியக் கோயிலில் நின்றது எது, செல்வர் வீட்டு முற்றத்தில் நின்றது எது, யாருக்கும் தெரியாது. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக இந்தக் கூரையைத் தாங்குகின்றன. இடிந்த ஊர் எங்கே போயிற்று என்று பாடம் நடத்தும்போது ஒரு பிள்ளை கேட்டிருக்கிறாள். நான் "அழிஞ்சு போச்சும்மா" என்று சொல்லியிருக்கிறேன். அது தவறான பதில். கார்த்தேஜ் இங்கே வந்து நிற்கிறது.

மசூதியை ஒட்டி அத்தர்க் கடைத்தெரு. 13-ஆம் நூற்றாண்டிலிருந்து வாசனைப் பொருள் விற்கும் தெரு. பெரிய மசூதிக்குப் பக்கத்தில் மணக்கும் தொழில், நாற்றமும் சத்தமும் உள்ள தோல், சாயத் தொழில்கள் தூரத்தில், இதுதான் பழைய இஸ்லாமிய நகரங்களின் ஒழுங்கு. இன்று பாதிக் கடைகளில் கல்யாண சீர்க் கூடைகள் விற்கிறார்கள். வெள்ளிச் சரிகைத் துணி சுற்றி, உள்ளே மருதாணி, மெழுகுவர்த்தி, சர்க்கரை மிட்டாய். தங்கை இங்கே முக்கால் மணி நேரம் நின்றாள். வெளியே வரும்போது அவள் கையில் ஆரஞ்சுப் பூப் பன்னீர் ஒரு குப்பி.

அடுத்து ஷேஷியா தெரு. ஷேஷியா என்றால் இங்கே ஆண்கள் போடும் சிவப்புக் கம்பளித் தொப்பி. இந்தத் தொழிலைக் கொண்டுவந்தவர்கள் அகதிகள். 1609-இல் ஸ்பெயின் அரசர் மூன்றாம் பிலிப், மூர் இன மக்களின் வழித்தோன்றல்களை நாட்டைவிட்டே துரத்தினார். தலைமுறை தலைமுறையாக அங்கே வாழ்ந்தவர்கள் கையில் கிடைத்ததோடு கப்பலேறினார்கள். துனிஸ் அவர்களுக்கு இடம் கொடுத்தது. அவர்கள் பதிலுக்குக் கொடுத்தது இந்தத் தொப்பி. 1690-களில் அவர்களுக்கென்றே மூன்று சந்துகள் சேர்ந்த கடைத்தெரு கட்டப்பட்டது. கூரைக்கு அடியில் அதே இருண்ட மர அலமாரிகள் இன்றும் இருக்கின்றன.

ஒரு கடையில் எழுபது வயதைக் கடந்த ஒருவர் வேலையாக இருந்தார். அவர் பேரன் ஆங்கிலத்தில் எடுத்துச் சொன்னான். முதலில் வெள்ளைக் கம்பளியில் பெரிய தொப்பியாகப் பெண்கள் பின்னித் தருவார்கள். பையன் அதைத் தலையில் போட்டுக் காட்டினான், தோள்வரை தொங்கியது. பிறகு வெந்நீரில் போட்டு அடித்து மிதித்துச் சுருங்க வைப்பார்கள். பின்னல் கண்ணெல்லாம் மூடி, கம்பளிப் பட்டைபோல் ஆகிவிடும். அடுத்துச் சிவப்புச் சாயம். கடைசியில் மேல்பரப்பைச் சீவிச் சீவிப் பஞ்சுபோல் ஆக்க வேண்டும். அதற்கு இரும்புச் சீப்பு சரிவராது, கம்பளி கிழியும். காய்ந்த ஒரு முட்செடியின் காய்களைச் சட்டத்தில் அடுக்கி, அதனால்தான் சீவுகிறார்கள். பெரியவர் அந்தச் சட்டத்தை என் உள்ளங்கையில் வைத்து மெல்ல இழுத்தார். பூனை நாக்கு பட்டதுபோல் இருந்தது. தம்பிக்கு ஒரு ஷேஷியா வாங்கினேன். இளைஞர்கள் போடுவது குறைந்துவிட்டது, கற்றுக்கொள்ள ஆள் வருவதில்லை என்று பையன் சொன்னபோது பெரியவர் கையை நிறுத்தவில்லை.

அங்கிருந்து சில அடிகளில் சூக் எல் பெர்கா, தங்க நகைத் தெரு. நடுவில் சின்னச் சதுக்கம். கண்ணாடிக்குள் வளையல்கள் மின்னுகின்றன. ஒரு காலத்தில் இது அடிமைச் சந்தை. சஹாராவைக் கடந்து நடத்திக் கொண்டுவரப்பட்டவர்களையும், கடற்கொள்ளையில் பிடிபட்டவர்களையும் இதே இடத்தில் நிறுத்தி விலை பேசியிருக்கிறார்கள். அப்போது ஆண்ட அகமது பே ('பே' என்பது ஆட்சியாளரின் பட்டம்) 1841-இல் அடிமை வணிகத்துக்குத் தடை போட்டார், 1846 ஜனவரியில் அடிமை முறையையே ஒழித்தார். பிரான்சுக்கு இரண்டு ஆண்டு முன்னால், அமெரிக்காவுக்கு 19 ஆண்டு முன்னால். இந்தச் செய்தி எங்கள் பாடப்புத்தகத்தில் இருந்ததில்லை. இருந்திருக்க வேண்டும். நகை பார்க்க உட்கார்ந்த தங்கையிடம் இதைச் சொன்னேன். அவள் வளையலைத் திருப்பிக் கொடுத்துவிட்டு எழுந்துவிட்டாள்.

வருகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. மசூதிக்குப் பக்கத்தில் நல்ல ஆங்கிலம் பேசும் ஒருவர் வந்து, "மொட்டை மாடியிலிருந்து மெதினா முழுக்கத் தெரியும், காசு வேண்டாம், இன்று கடைசி நாள்" என்று அழைத்தார். ஓடு பதித்த மாடி உண்மையிலேயே அழகு. இறங்கும் வழி கம்பளக் கடைக்குள். அரை மணி நேரம் விரித்துக் காட்டிவிட்டு, வாங்காமல் வெளியேறியதும் முகத்தை மாற்றிக்கொண்டார். தங்கைக்குக் கை நடுங்கிவிட்டது. அழைத்தால் "இல்லை, ஐஷெக்" என்று சொல்லி நடந்துவிடுங்கள். 'ஐஷெக்' என்றால் நன்றி, நீ வாழ்க என்கிற வாழ்த்தும் அதிலேயே இருக்கிறது.

அந்தக் கசப்பு போனது ஒரு லப்லாபி கடையில். பீங்கான் கிண்ணத்தில் பழைய ரொட்டியை நாமே பிய்த்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். அதன்மேல் வெந்த கொண்டைக்கடலையைக் கொதிக்கும் சாற்றோடு ஊற்றி, சீரகத்தூள், ஹரிஸ்ஸா, எலுமிச்சை, ஆலிவ் எண்ணெய். தங்கை சைவம் என்பதால் முட்டையும் சூரை மீனும் வேண்டாம் என்றோம். ஹரிஸ்ஸா என்பது வெயிலில் காய்ந்த மிளகாயைப் பூண்டு, கொத்தமல்லி விதை, சோம்பு வகை விதைகளோடு இடித்த விழுது. 2022-இல் யுனெஸ்கோ இதையும் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அமெரிக்க மண்ணில் பிறந்த மிளகாய் போர்ச்சுகீசியர் கையால் நமக்கு வந்ததுபோல், இவர்களுக்கு ஸ்பானியர் வழியாக வந்தது. வந்து சேர்ந்த பின் இரண்டு ஊரும் அதை விடவில்லை. தங்கை இன்னொரு கரண்டி ஹரிஸ்ஸா கேட்டாள். கடைக்காரர் நின்று பார்த்தார்.

மூன்றாம் நாள், வியாழன்

தெருவில் ஓடும் டிராமைத்தான் இங்கே மெட்ரோ என்கிறார்கள். நான்காம் தடத்தில் ஏறி பார்தோ அருங்காட்சியகம். பேகளின் பழைய அரண்மனையில் 1888-இல் திறந்தது. நாடாளுமன்றம் பக்கத்துக் கட்டடம். 2021-இல் அரசியல் நெருக்கடியின்போது இதையும் மூடி, 2023 செப்டம்பரில்தான் மறுபடி திறந்தார்கள்.

உள்ளே நுழைந்ததும் நினைவுச்சின்னம். 2015 மார்ச் 18 அன்று இங்கே பயங்கரவாதிகள் துப்பாக்கியால் சுட்டதில் 22 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் எங்களைப்போல் பார்க்க வந்தவர்கள். பெயர்களை ஒவ்வொன்றாகப் படித்துவிட்டுத்தான் மேலே போனோம்.

ரோமானிய மொசைக்குகள் இத்தனை நல்ல நிலையில் சேர்ந்திருக்கும் இடம் உலகில் மிகக் குறைவு. தரையில் இருந்தவற்றைப் பெயர்த்துச் சுவரில் ஏற்றியிருக்கிறார்கள். சூஸ் நகரில் 1896-இல் கிடைத்த வெர்ஜில் மொசைக், கவிஞர் மடியில் சுருளேட்டை விரித்து உட்கார்ந்திருக்க, இரு பக்கமும் கலைத் தேவியர். துக்கா ஊரின் மொசைக்கில் கிரேக்கக் காவிய வீரன் யுலிசிஸ் பாய்மரத்தோடு கட்டுண்டு நிற்கிறான், கடற்கன்னியரின் பாட்டுக்கு மயங்கிக் குதித்துவிடாதபடி.

நாங்கள் அதிக நேரம் நின்றது 'ஜூலியஸ் எஜமான்' மொசைக்கின் முன்னால். கார்த்தேஜில் கிடைத்தது. நடுவில் கோட்டைபோன்ற பண்ணை வீடு, நான்கு மூலைகளில் நான்கு பருவங்கள். ஒரு மூலையில் ஆலிவ் மரத்தைக் கழியால் அடித்துக் காய் உதிர்க்கிறார்கள். இன்னொரு பக்கம் எஜமானி விசிறிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். வாத்து, திராட்சைக் கூடை, கையில் தூக்கிய முயல், எல்லாவற்றையும் சுமந்து வருகிறவர்கள் பண்ணையாட்கள். எஜமான் கையை மட்டும் நீட்டுகிறான். "நம்ம தாத்தா பண்ணைக்குப் போறப்போ இப்படித்தானே எல்லாரும் கொண்டாந்து வச்சுட்டு நிப்பாங்க" என்றாள் தங்கை. அவள் வேறு எதுவும் சொல்லவில்லை. எங்கள் தாத்தா குத்தகை விவசாயி, கொண்டுபோய் வைத்து நின்றவர்களில் ஒருவர்.

பிற்பகல், மெதினாவுக்குள் ஒரு ஹம்மாம். பகலில் பெண்கள், மற்ற நேரம் ஆண்கள். அறைக்கு அறை சூடு கூடுகிறது. வெந்நீர்த் தொட்டி ஓரம் பளிங்குத் திண்டில் உட்கார்ந்து உடம்பு ஊறிய பிறகு, ஒரு நடுத்தர வயது அம்மாள் கெஸ்ஸா என்ற சொரசொரப்பான கையுறையால் தேய்த்துவிடுகிறார். தலைக்குத் தஃபல் என்ற களிமண் குழம்பு. அம்மா இருந்தபோது வெள்ளிக்கிழமைதோறும் எங்கள் இருவரையும் வரிசையாக உட்காரவைத்து எண்ணெய் தேய்த்து, சீயக்காய் போட்டு அலசுவாள். அதற்குப் பிறகு எங்களை யாரும் இப்படிக் குளிப்பாட்டியதில்லை. நீராவியில் தங்கை முகம் சரியாகத் தெரியவில்லை. அவள் அழுதாள் என்றே நினைக்கிறேன்.

நான்காம் நாள், வெள்ளி

டிஜிஎம் ரயில். துனிஸ், கூலெத், மர்சா என்ற மூன்று ஊர்ப் பெயர்களின் சுருக்கம். துனிசியாவின் முதல் ரயில்பாதை, 1872-இல் ஓடத் தொடங்கியது. விமானத்திலிருந்து பார்த்த கரைமேல் போகும்போது இரு பக்கமும் தண்ணீர். நிலையங்களின் பெயர்ப் பலகைகளைப் பார்த்துக்கொண்டே வந்தேன். கார்த்தேஜ் சலாம்போ, கார்த்தேஜ் பிர்சா, கார்த்தேஜ் டெர்மெஷ், கார்த்தேஜ் ஹன்னிபால். ஹன்னிபால் ஒரு ரயில் நிலையம்! என் மாணவிகள் அத்தனை பேரையும் அந்த நடைமேடையில் நிறுத்த வேண்டும்போல் இருந்தது.

ஒரே சீட்டில் எல்லா இடங்களையும் பார்க்கலாம். ஆனால் இடங்கள் ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளி, நடுவில் காகிதப்பூ படர்ந்த பங்களாக்கள். ஜூன் வெயிலில் நடப்பவர்கள் காலை எட்டரைக்கே தொடங்கிவிடுங்கள்.

பிர்சா குன்றில் தொடங்கினோம். கி.மு. 814-இல் இன்றைய லெபனானில் உள்ள டயர் நகரத்து இளவரசி எலிஸ்ஸா சகோதரனிடமிருந்து தப்பிக் கப்பலில் வந்து, ஒரு மாட்டுத் தோல் மூடும் அளவு நிலம் மட்டும் கேட்டாளாம். கொடுத்ததும் தோலை மெல்லிய வாராகக் கீறி, குன்றையே சுற்றி வளைத்துவிட்டாளாம். மூன்றடி மண் கேட்ட வாமனன் கதையில் வளர்ந்த நமக்கு இது உடனே பிடித்துப்போகும். கேட்டவர் இங்கே பெண், அதுவும் அகதி.

அவள் ஊன்றிய நகரம் 600 ஆண்டுகளுக்கு மேல் மத்தியதரைக் கடலில் வணிகம் செய்தது. கி.மு. 146-இல் ரோமானியத் தளபதி சிப்பியோ எமிலியானுஸ் மூன்றாண்டு முற்றுகைக்குப் பின் உள்ளே புகுந்து, வீடு வீடாகச் சண்டையிட்டு இந்தக் குன்றுக்கு வந்து சேர்ந்தான். குன்றின் சரிவில் அந்தத் தெருக்களின் அடிச்சுவர்கள் இருக்கின்றன. ஆறு மாடி வீடுகள் நின்ற இடம் என்கிறார்கள் பழைய ஆசிரியர்கள். தண்ணீர்த் தொட்டி, வாசற்படி, சுவரில் சுண்ணாம்புப் பூச்சு. எரியும் ஊரைப் பார்த்து வென்றவனே அழுதான், தன் ரோமுக்கும் ஒருநாள் இப்படி ஆகும் என்று சொன்னான் என்று கூட இருந்த வரலாற்றாசிரியர் பாலிபியஸ் எழுதியிருக்கிறார். ஊரில் உப்பைக் கொட்டி உழுதார்கள் என்று நானும் வகுப்பில் சொல்லியிருக்கிறேன். பழைய நூல் எதிலும் அது இல்லை, மிகப் பிற்காலத்தில் சேர்ந்த கதை. கண்ணகி எரித்த ஊரில் பிறந்தவள் நான். எரிந்த ஊர் என்றாலே எங்களுக்கு ஒரு பெண் முகம் வரும். இங்கேயும் கடைசி நாளில் தளபதி சரணடைந்தபோது, அவன் மனைவி பிள்ளைகளோடு எரியும் கோயிலுக்குள் குதித்தாள் என்று எழுதிவைத்திருக்கிறார்கள்.

அழித்த ரோமே பிறகு இங்கே புது நகரம் கட்டியது, ஜூலியஸ் சீசர் தொடங்கி அகஸ்டஸ் முடித்தார். கடலோரத்து அந்தோனைன் குளியல்கூடம் அந்தக் காலத்தது, 2-ஆம் நூற்றாண்டு. ஆப்பிரிக்காவில் ரோமானியர் கட்டிய குளியல்கூடங்களில் இதுவே பெரியது. நாம் இன்று நடப்பது அதன் நிலவறைக்குள்தான், அடுப்புகளும் விறகும் ஏவலாட்களும் இருந்த தளம். மேல்தளம் எவ்வளவு உயரம் என்பதற்கு நிமிர்த்தி வைத்த ஒரே ஒரு தூண் சாட்சி, 15 மீட்டருக்கு மேல். தண்ணீர் ஸக்வான் மலையிலிருந்து சுமார் 130 கிலோமீட்டர் நீளக் கால்வாயில் வந்திருக்கிறது. மற்ற தூண்கள் எங்கே? புதன்கிழமை பார்த்தோமே. (பக்கத்திலேயே ஜனாதிபதி மாளிகை. அந்தப் பக்கம் கேமராவைத் திருப்பினால் காவலர்கள் சைகை காட்டுவார்கள்.)

கடைசியாகப் பியூனிக் துறைமுகம், பழைய கார்த்தேஜ்காரர்களுடையது. வட்டமாக ஒரு குளம், நடுவில் தீவு, ஓரத்தில் இரண்டு மீன்பிடிப் படகு, தூண்டில் போட்ட ஒரு பையன். இந்த வட்டத்துக்குள் 220 போர்க்கப்பல்கள் நின்றன என்று எழுதியிருக்கிறார் பழைய வரலாற்றாசிரியர் அப்பியன். எனக்குப் பூம்புகார்க் கரையில் நின்ற நாள் நினைவுக்கு வந்தது. அங்கே கடல் கொண்டது, இங்கே மண் தூர்த்தது. 1985-இல் ரோம், கார்த்தேஜ் இரண்டு ஊர் மேயர்களும் உட்கார்ந்து சமாதான உடன்படிக்கையில் கையெழுத்திட்டார்கள். போர் முடிந்து 2,100 ஆண்டுகளுக்குப் பிறகு. அடையாளத்துக்குச் செய்ததுதான். ஆனாலும் அந்தக் குளத்தின் கரையில் உட்கார்ந்து நினைத்துப் பார்த்தபோது அது எனக்குப் பெரிய காரியமாகவே பட்டது.

ஐந்தாம் நாள், சனி

இன்று தங்கையின் நாள். அதே ரயிலில் இன்னும் கொஞ்ச தூரம், சிதி பூ சயீத். குன்றின்மேல் வெள்ளைச் சுவர், நீலக் கதவு, நீலச் சன்னல் கூண்டு, கீழே அதைவிட நீலமாகக் கடல். இந்த ஊரில் குடியேறிய ஓவியரும் இசை ஆய்வாளருமான ரொடோல்ஃப் டெர்லாங்கே முயன்றதால், 1915-இலேயே இந்த வெள்ளையையும் நீலத்தையும் காக்க ஆணை வந்தது. அவர் கட்டிய மாளிகை இன்று அரபு, மத்தியதரைக் கடல் இசை மையம். உள்ளே பழைய இசைக்கருவிகள். அதற்கு முந்தைய ஆண்டு, 1914 ஏப்ரலில், ஓவியர்கள் பால் க்லேயும் அவுகுஸ்ட் மாக்கேயும் இங்கே வந்து நீர்வண்ணத்தில் வரைந்தார்கள். மாக்கே அதே ஆண்டு செப்டம்பரில் உலகப் போரில் இறந்துபோனார், வயது 27.

பத்து மணிக்குள் போய்விட்டால் தெரு அமைதியாக இருக்கும். அதற்கப்புறம் பேருந்துக் கூட்டம். பாய் விரித்த திண்ணை உள்ள பழைய காபிக்கடையில் செருப்பைக் கழற்றிவிட்டுச் சம்மணமிட்டு உட்கார்ந்து, பைன் கொட்டை மிதக்கும் புதினா டீ குடித்தோம். பக்கத்துச் சந்தில் பம்பலூனி. மாவை வளையமாக இழுத்து எண்ணெயில் போட்டு, சர்க்கரையில் புரட்டி, சுடச்சுடக் கையில் தருவார்கள். தங்கை இரண்டு சாப்பிட்டாள்.

பிற்பகல் மர்சா கடற்கரை. குடும்பம் குடும்பமாக, குடையும் தர்பூசணியுமாக வந்திருந்தார்கள். கால்சட்டைப் பையன்களிலிருந்து முழு உடையோடு இறங்கிய பாட்டிகள்வரை எல்லாரும் ஒரே தண்ணீரில். நாங்களும் சுடிதாரோடு இடுப்பளவு இறங்கினோம். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு பாட்டி மட்டும் தங்கையின் கையைப் பிடித்து, அலை வரும்போது எப்படிக் குதிக்க வேண்டும் என்று காட்டிக் கொடுத்தார்.

கடைசி மாலை என்பதால் புர்கீபா சாலைக்குத் திரும்பினோம். முதல் நாள் பார்த்த பூக்காரர் இன்னும் விற்கக் கிளம்பவில்லை. நாடக அரங்கின் படியில் உட்கார்ந்து செண்டு கட்டிக்கொண்டிருந்தார். மடியில் ஈரத்துணி, அதில் மொட்டுகள். தங்கை கேட்காமலே அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். கை நிறைய மொட்டை அள்ளி, அவருடைய பருத்தி நூலில் ஒரு முழம் இழுத்து, ஒரு முனையைக் கால் கட்டைவிரலில் சுற்றிக்கொண்டு கட்டத் தொடங்கினாள். இப்படி இரண்டு, அப்படி இரண்டு, ஒரு சுருக்கு. மறுபடி இரண்டு, இரண்டு, சுருக்கு. எங்கள் சின்ன வயதில் அம்மா பூக்கடைக்குக் கட்டிக் கொடுப்பாள், முழத்துக்கு இவ்வளவு என்று கூலி. எங்கள் இரண்டு பேர் பள்ளிக் கட்டணமும் அதில் வந்தது. தங்கை விரல் இன்னும் மறக்கவில்லை.

பூக்காரர் தன் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார். ஒருமுறை மெதுவாகச் செய்யச் சொல்லிச் சைகை காட்டினார். அவர் முயன்றபோது சுருக்கு நழுவி மொட்டுகள் மடியில் கொட்டின. "பர்ஷா, பர்ஷா" என்று தலையாட்டினார், ரொம்பப் பெரிய வேலை என்று. பிறகு அவர் ஒரு புல் தண்டை எடுத்து, நகத்தால் நுனியைக் கூராக்கி, மொட்டின் காம்பில் நோகாமல் செருகத் தங்கைக்குக் காட்டிக் கொடுத்தார். அவள் செருகிய முதல் மொட்டு கிழிந்தது. நான்காவது நின்றது.

பூக்காரர் காசு வாங்க மறுத்தார். ஆளுக்கொரு மஷ்மூம் கொடுத்தார். தங்கை தான் கட்டிய ஒரு முழத்தை அவர் கையில் வைத்தாள். அதை என்ன செய்வது என்று அவருக்குக் கொஞ்ச நேரம் புரியவில்லை. முகர்ந்து பார்த்துவிட்டு, கூடையின் கைப்பிடியில் சுற்றிக்கொண்டு, எழுந்து கூட்டத்துக்குள் நடந்தார். மொட்டுகள் அப்போதுதான் வாய் திறக்கத் தொடங்கியிருந்தன.